செக்ஸ்டன்ட் கணக்கு: சூரியனை வைத்து நடுக்கடலில் இடம் கண்டுபிடிக்கும் முழு வழி

செக்ஸ்டன்ட் என்பது தொடுவானத்திலிருந்து சூரியன் எத்தனை டிகிரி உயரத்தில் இருக்கிறது என்று அளக்கும் கைக்கருவி. செகண்ட் மேட் (கப்பலின் துணை அதிகாரி) தேர்வுக்குப் படிக்கும் கேடட்டுகள் பலர், அந்த உயரத்திலிருந்து இடத்தைக் கண்டுபிடிக்கும் இந்தக் கணக்கை ஒரு படிவமாகவே மனப்பாடம் செய்துவைத்திருப்பார்கள். இந்த வரிக்குக் கீழே இந்த வரி, இங்கே கழி, அங்கே கூட்டு. தேர்வில் அது ஓடிவிடும். கப்பலில் விடை 30 மைல் தள்ளி விழும்போதுதான் சிக்கல். எந்த வரியில் கோளாறு என்று படிவம் சொல்லாது. அதனால் இங்கே ஒவ்வொரு எண்ணையும் அது எத்தனை மைல் பெறும் என்பதோடு சேர்த்தே சொல்கிறேன். அந்த அளவு கையில் இருந்தால், தப்பை நீங்களே பிடித்துவிடுவீர்கள்.

பள்ளியில் படித்த சைன், காஸ் நினைவிருந்தால் போதும். கோளத் திரிகோணவியலைத் தனியாகப் படிக்க வேண்டியதில்லை.

எடுத்துக்காட்டுக்குச் சென்னை – போர்ட் பிளேர் பாதையை எடுத்துக்கொள்வோம். ஜனவரி நடுப்பகுதி, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்த நேரம். கப்பல் 097° திசையில் 14 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 14 கடல் மைல் வேகத்தில் போகிறது. கடிகாரம் இந்திய நேரத்தில் இருக்கிறது. நான் தரும் சூரிய எண்கள் ஜனவரி 15 வாக்கில் வருபவற்றுக்கு நெருக்கமானவை, ஆனால் பயிற்சிக்காகச் சற்றே நேர்செய்தவை. உங்கள் நாளுக்கு அந்த ஆண்டு நாட்டிக்கல் அல்மனாக்கை (சூரியனும் நட்சத்திரங்களும் மணிக்கு மணி எங்கே இருக்கும் என்று சொல்லும் ஆண்டுப் புத்தகம்) திறந்துதான் எடுக்க வேண்டும்.

உயரம் என்பது உண்மையில் தூரம்

எந்த நொடியிலும் பூமியில் ஒரே ஓர் இடத்தில்தான் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அந்த இடத்தில் சூரியனின் உயரம் 90°. அங்கிருந்து 60 கடல் மைல் எந்தப் பக்கம் விலகினாலும் உயரம் 1° குறையும். ஒரு மைல் விலகினால் ஒரு கோண நிமிடம் குறையும். கடல் மைல் என்பதே அப்படி வந்த அளவுதான், மீட்டரில் 1852.

செக்ஸ்டன்டில் 60° வருகிறது என்றால் உச்சிப் புள்ளியிலிருந்து நீங்கள் 30° தள்ளி, அதாவது 1800 மைல் தள்ளி இருக்கிறீர்கள். எந்தத் திசையில் என்று தெரியாது. அந்தப் புள்ளியை மையமாக வைத்து 1800 மைல் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால், அதன் மேல் எங்கோ இருக்கிறீர்கள். இரண்டாவது முறை பார்த்தால் இன்னொரு வட்டம் கிடைக்கும். இரண்டும் வெட்டும் இடம் உங்கள் இடம். மீதி எல்லாம் இந்த வட்டத்தைச் சார்ட்டில் வரையக்கூடிய கோடாக மாற்றும் வேலை.

உச்சிப் புள்ளி எங்கே இருக்கிறது என்பதை அல்மனாக் சொல்லும். அது மணிக்கு 15° வேகத்தில் மேற்கே ஓடிக்கொண்டே இருப்பதால்தான் நேரம் அவ்வளவு முக்கியம். ஒரு நிமிட நேரத்துக்கு 15 கோண நிமிடம், 4 நொடிக்கு ஒரு கோண நிமிடம். நிலநடுக்கோட்டருகே கடிகாரம் 4 நொடி தவறினால் தீர்க்கரேகை ஒரு மைல் தவறும். கடிகாரத் தவறு முழுவதும் தீர்க்கரேகையில்தான் போய் விழும் என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: செக்ஸ்டன்ட் காட்டியதை உண்மையான உயரமாக்குதல்

காலை 08:35:20-க்குச் சூரியனின் கீழ் விளிம்பைத் தொடுவானத்தில் உட்காரவைத்தோம். செக்ஸ்டன்டை இரு பக்கமும் மெல்ல ஆட்டி, விளிம்பு தொடுவானத்தை மிகத் தாழ்வாகத் தொடும் புள்ளியில் நேரம் எடுத்தோம். செக்ஸ்டன்ட் காட்டியது 30°14.3'. இதை அப்படியே பயன்படுத்தக் கூடாது. வரிசையாக மூன்று திருத்தங்கள் இருக்கின்றன.

முதலில் இன்டெக்ஸ் எரர். செக்ஸ்டன்டைச் சுழியில் வைத்துத் தொடுவானத்தைப் பார்த்தால் கோடு நேராகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மைக்ரோமீட்டரைத் திருகி நேராக்கி, எண்ணைப் படியுங்கள். 1.5' என்று "ஆன் த ஆர்க்" பக்கம் இருந்தால் கருவி கூடுதலாகக் காட்டுகிறது என்று பொருள், கழிக்க வேண்டும். "ஆஃப் த ஆர்க்" என்றால் கூட்ட வேண்டும். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் இதைச் சரிபாருங்கள். வெயிலிலும் குலுக்கலிலும் மாறும்.

அடுத்தது டிப். பிரிட்ஜ், அதாவது கப்பலை ஓட்டும் மேல்தளம், அந்த உயரத்திலிருந்து பார்க்கும்போது தொடுவானம் கண் மட்டத்துக்குக் கீழே தெரியும். அதனால் உயரம் எப்போதும் கூடுதலாகவே வரும்; எப்போதும் கழித்தல்தான். அளவு: 1.76 × கண் உயரத்தின் (மீட்டரில்) வர்க்கமூலம். நம் கண் உயரம் 16 மீட்டர், வர்க்கமூலம் 4, டிப் 7.0'. சரக்கு ஏற்றிய கப்பலுக்கும் காலிக் கப்பலுக்கும் கண் உயரம் பல மீட்டர் வேறுபடும் என்பதால், கப்பலில் சேர்ந்த அன்று எழுதிவைத்த எண்ணையே கடைசிவரை ஓட்டாதீர்கள்.

மூன்றாவது, அல்மனாக்கின் முதல் பக்கங்களில் இருக்கும் மொத்தத் திருத்தம். அதற்குள் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. நாம் பார்த்தது கீழ் விளிம்பு, வேண்டியது மையம். அதற்காகச் சூரியனின் அரை விட்டம், ஜனவரியில் சுமார் 16.3', கூட்டல். காற்று ஒளியை வளைத்துச் சூரியனை உயர்த்திக் காட்டுகிறது. 30° உயரத்தில் சுமார் 1.7' கழித்தல். பூமியின் மையத்திலிருந்து பார்ப்பது போல் மாற்றும் பாரலாக்ஸ், சூரியனுக்கு வெறும் 0.1', கூட்டல். மொத்தம் +14.7'.

செக்ஸ்டன்ட் 30°14.3'
இன்டெக்ஸ் எரர் −1.5' → 30°12.8'
டிப் −7.0' → 30°05.8'
மொத்தத் திருத்தம் +14.7' → 30°20.5'

இதுதான் ட்ரூ ஆல்டிட்யூட். சூரியன் தொடுவானத்துக்கு நெருங்க நெருங்க ஒளிவளைவு வேகமாக ஏறும். அதை நம்பவும் முடியாது. 15°க்குக் கீழே இருக்கும் சூரியனை, வேறு வழி இருந்தால் விட்டுவிடுவேன்.

படி 2: அல்மனாக்கிலிருந்து இரண்டு எண்கள்

நமக்கு வேண்டியது உச்சிப் புள்ளியின் முகவரி. அதன் அட்சரேகைக்கு டெக்ளினேஷன் என்று பெயர். கிரீன்விச்சிலிருந்து மேற்கே எவ்வளவு தூரம் என்பதற்கு ஜி.எச்.ஏ. என்று பெயர், இது 0°யிலிருந்து 360°வரை மேற்காகவே எண்ணப்படும்.

முதல் வேலை நேரத்தைக் கிரீன்விச் நேரமாக்குவது. 08:35:20-இலிருந்து 5 மணி 30 நிமிடம் கழித்தால் 03:05:20. நம் நாட்டு நேரத்தில் அரை மணி ஒட்டிக்கொண்டிருப்பதால் இங்கே அவசரத்தில் தப்பு வரும். கழித்த பிறகு தேதியையும் ஒருமுறை பாருங்கள். காலை ஐந்தரைக்கு முன் எடுத்த பார்வைக்குக் கிரீன்விச்சில் முந்தைய தேதி.

அல்மனாக்கில் இரண்டு பக்க விரிப்பில் மூன்று நாள் இருக்கும். 03 மணிக்கு எதிரே:

ஜி.எச்.ஏ. 222°42.0'
5 நிமிடம் 20 நொடிக்குச் சேர்ப்பு 1°20.0'
மொத்தம் 224°02.0'
டெக்ளினேஷன் தெற்கு 21°11.5'

சேர்ப்பு அல்மனாக்கின் பின்பக்க அட்டவணையில் இருக்கும். மனக்கணக்காகவும் வரும்: 5 × 15 = 75, 20 நொடிக்கு 5, ஆக 80 கோண நிமிடம். அட்டவணையில் வரி தாண்டிப் படித்துவிட்டீர்களா என்று பார்க்க இது நல்ல சோதனை.

ஜனவரி நடுவில் சூரியன் மணிக்கு அரை கோண நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக வடக்கே நகர்கிறது. மார்ச், செப்டம்பரில் மணிக்கு ஏறத்தாழ ஒரு கோண நிமிடம். அதனால் அந்த மாதங்களில் டெக்ளினேஷனை மணிக் கணக்கில் சரியாக எடுக்காவிட்டால் அது விடையில் தெரியும்.

படி 3: எல்.எச்.ஏ. – ஒரே ஒரு கூட்டல், நிறையத் தவறுகள்

டி.ஆர். பொசிஷன், அதாவது வேகத்தையும் திசையையும் வைத்து நாம் கணித்த இடம்: வடக்கு 12°26.0', கிழக்கு 85°43.0'.

எல்.எச்.ஏ. என்பது நம் தீர்க்கரேகையிலிருந்து சூரியன் மேற்கே எவ்வளவு தூரம் என்பது. கிழக்குத் தீர்க்கரேகை என்றால் கூட்டல், மேற்கு என்றால் கழித்தல். 360° தாண்டினால் 360-ஐக் கழித்துவிடுங்கள்.

224°02.0' + 85°43.0' = 309°45.0'

இங்கே ஒரு நொடி நின்று யோசியுங்கள். 309° மேற்கே என்றால் கிழக்கே சுமார் 50°. மணிக்கு 15° என்றால் 3 மணி 20 நிமிடத்தில் சூரியன் நம் தீர்க்கரேகைக்கு வரும். காலை 08:35-உடன் 3 மணி 20 நிமிடம் சேர்த்தால் 11:55. பொருந்துகிறது. பிற்பகலில் எடுத்த பார்வைக்கு எல்.எச்.ஏ. 180°க்கு மேல் வந்தால் கணக்கை அங்கேயே நிறுத்துங்கள்.

படி 4: முக்கோணம்

வகுப்பில் இதைப் பி.இசட்.எக்ஸ். முக்கோணம் என்பார்கள். துருவம், உங்கள் உச்சி, சூரியன் என மூன்று முனைகள். இரண்டு பக்கம் தெரியும் (90°யிலிருந்து அட்சரேகை, 90°யிலிருந்து டெக்ளினேஷன்), நடுவிலுள்ள கோணம் எல்.எச்.ஏ. தெரியும். மூன்றாவது பக்கம் உச்சியிலிருந்து சூரியனுக்கு உள்ள தூரம். அதைக் கண்டுபிடிக்கும் சூத்திரம் இதுதான்:

சைன் உயரம் = (சைன் அட்சரேகை × சைன் டெக்ளினேஷன்) + (காஸ் அட்சரேகை × காஸ் டெக்ளினேஷன் × காஸ் எல்.எச்.ஏ.)

அட்சரேகை வடக்கும் டெக்ளினேஷன் தெற்குமாக எதிரெதிரே இருந்தால் டெக்ளினேஷனுக்குக் கழித்தல் குறி. இரண்டும் ஒரே பக்கம் என்றால் இரண்டுக்கும் கூட்டல். நீங்கள் எந்த அரைக்கோளத்தில் இருந்தாலும் உங்கள் அட்சரேகையைக் கூட்டல் என்றே வைத்துக்கொண்டால் குழப்பமே இல்லை.

கால்குலேட்டரில் தட்டும்போது 12°26' என்பதை 12.26 என்று அடிக்காதீர்கள். 26-ஐ 60-ஆல் வகுத்தால் 0.4333, ஆகவே 12.4333. இந்த ஒரு தப்பு அட்சரேகையையே 10 மைல் நகர்த்திவிடும். கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா என்று பார்க்க சைன் 30 அடித்துப் பாருங்கள், 0.5 வர வேண்டும்.

சைன் 12°26.0' = 0.21530
சைன் 21°11.5' = 0.36149
பெருக்கி, எதிரெதிர் என்பதால் கழித்தல் குறி: −0.07783

காஸ் 12°26.0' = 0.97655
காஸ் 21°11.5' = 0.93238
காஸ் 309°45.0' = 0.63944
மூன்றையும் பெருக்க: 0.58222

கூட்டினால் 0.50439. இதன் தலைகீழ் சைன் 30°17.4'.

தசமத்தில் ஐந்து இலக்கம் வையுங்கள். நான்கோடு நிறுத்தினால் அரை மைல்வரை போய்விடும்.

இந்த 30°17.4' என்ன சொல்கிறது? நாம் டி.ஆர். இடத்தில் சரியாக இருந்திருந்தால் சூரியன் இந்த உயரத்தில் தெரிந்திருக்கும் என்று சொல்கிறது. செக்ஸ்டன்டிலிருந்து வந்ததோ 30°20.5'. நாம் பார்த்தது 3.1' கூடுதல். உயரம் கூடினால் உச்சிப் புள்ளிக்கு அருகில் இருக்கிறோம். ஆகவே நாம் டி.ஆர். இடத்தைவிடச் சூரியனுக்கு 3.1 மைல் அருகில் இருக்கிறோம். இதுதான் இன்டர்செப்ட், "டுவர்ட்ஸ்". பார்த்தது குறைவாக வந்தால் "அவே".

படி 5: திசை

எந்தப் பக்கம் 3.1 மைல்? சூரியன் இருக்கும் பக்கம். அந்தத் திசைக் கோணத்துக்கு அசிமத் என்று பெயர். அதைக் கண்டுபிடிக்க நோரீஸ் டேபிள் என்ற கடற்பயண அட்டவணைப் புத்தகத்தில் ஏ.பி.சி. அட்டவணை உண்டு. அட்டவணை செய்வதையே கால்குலேட்டரில் செய்யலாம்.

ஏ = டேன் அட்சரேகை ÷ டேன் எல்.எச்.ஏ. குறியை விட்டுவிட்டு 50°15' என்று எடுத்தால் 0.183. இதற்கு அட்சரேகைக்கு எதிர்ப் பெயர்: தெற்கு. (எல்.எச்.ஏ. 90°க்கும் 270°க்கும் இடையே இருந்தால் மட்டும் அட்சரேகையின் பெயர்.)
பி = டேன் டெக்ளினேஷன் ÷ சைன் எல்.எச்.ஏ. = 0.504. எப்போதும் டெக்ளினேஷனின் பெயர்: தெற்கு.
இரண்டும் ஒரே பெயர், கூட்டினால் சி = 0.688 தெற்கு. பெயர் வேறென்றால் கழித்துப் பெரியதன் பெயர்.
டேன் அசிமத் = 1 ÷ (சி × காஸ் அட்சரேகை) = 1.489. கோணம் 56.1°.

தெற்கு 56.1° கிழக்கு, அதாவது 123.9°. எல்.எச்.ஏ. 180°க்கு மேல் என்பதால் கிழக்கு. குறைவாக இருந்தால் மேற்கு. ஜனவரிக் காலையில் சூரியன் தென்கிழக்கில் இருப்பது யாருக்கும் தெரிந்ததே. எண் வடகிழக்கைக் காட்டினால் எண்ணில்தான் கோளாறு.

இதே அசிமத்தை வைத்துக் கைரோ காம்பஸின் பிழையையும் பார்த்துவிடலாம். இன்று பிரிட்ஜில் இந்தக் கணக்கு அதிகம் பயன்படுவது அதற்காகத்தான்.

படி 6: கோடு போடுதல்

டி.ஆர். இடத்திலிருந்து 123.9° திசையில் 3.1 மைல் நகருங்கள். அந்தப் புள்ளியில் அசிமத்துக்குச் செங்குத்தாக ஒரு கோடு: ஒரு முனை 034°, மறுமுனை 214°. இதுதான் பொசிஷன் லைன். உண்மையில் இது சுமார் 3,580 மைல் ஆரமுள்ள வட்டத்தின் துண்டு. சில பத்து மைலுக்குள் நேர்கோடு என்று எடுத்தால் ஒன்றும் கெடாது. சூரியன் ஏறத்தாழ உச்சியில் இருக்கும்போதுதான் வட்டம் சிறிதாகி இந்த வசதி போய்விடும்.

இப்படி ஒரு கோடு இருக்கிறது என்பதையே மாலுமிகள் தெரிந்துகொள்ள 1837 டிசம்பர் வரை ஆயிற்று. அமெரிக்கக் கேப்டன் தாமஸ் சம்னர் சார்ல்ஸ்டனிலிருந்து ஸ்காட்லாந்தின் கிரீனக்குக்குப் போய்க்கொண்டிருந்தார். அயர்லாந்துக்குத் தெற்கே மோசமான வானிலை, அட்சரேகை நிச்சயமில்லை. மேகத்தினூடே ஒரே ஒருமுறை சூரியன் தெரிந்தது. அவர் ஓர் அட்சரேகையை ஊகித்துத் தீர்க்கரேகை கணித்தார், பிறகு 10' வடக்கே வைத்து மறுபடி, இன்னும் 10' வடக்கே வைத்து மறுபடி. மூன்று புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் விழுந்தன. கோட்டை நீட்டினால் வேல்ஸ் கரைக்கு அப்பாலுள்ள ஸ்மால்ஸ் கலங்கரை விளக்கம். கோட்டின் திசையிலேயே கப்பலை ஓட்டினார், அந்தக் கலங்கரை விளக்கம் கண்ணில் பட்டது. நாம் இங்கே செய்யும் இன்டர்செப்ட் முறையை 1875-இல் வெளியிட்டவர் பிரெஞ்சுக் கடற்படையின் மார்க் செயின்ட் ஹிலேர். டி.ஆர். தப்பாக இருந்தாலும் கோடு தப்பாது என்பதுதான் அந்த முறையின் அழகு.

நம்பிக்கை இல்லையா? டி.ஆர். அட்சரேகையை வேண்டுமென்றே 12°20.0' என்று மாற்றி, தீர்க்கரேகையை அப்படியே வைத்து மறுபடி போடுங்கள். கணித்த உயரம் 30°20.8' வரும், இன்டர்செப்ட் 0.3 மைல் அவே. இரண்டு கோடுகளையும் வரைந்து பாருங்கள், ஒன்றின் மேல் ஒன்று விழும். இதைப் படித்து ஒப்புக்கொள்வதைவிட ஒருமுறை கையால் செய்துபார்ப்பது மேல். நான் இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தால் முதல் வீட்டுப்பாடம் இதுதான்.

படி 7: நண்பகல் – மிக எளிய கணக்கு

சூரியன் நம் தீர்க்கரேகையைக் கடக்கும் நொடியில் எல்.எச்.ஏ. சுழி. முக்கோணம் மடங்கி ஒரே கோடாகிவிடும். கூட்டல் கழித்தலோடு அட்சரேகை வந்துவிடும்.

எப்போது கடக்கும்? அல்மனாக்கில் மெர் பாஸ் நேரம் 12:09 என்று இருக்கிறது. நண்பகலில் நாம் இருக்கப்போகும் தீர்க்கரேகை 86°30'. 15-ஆல் வகுத்தால் 5 மணி 46 நிமிடம். 12:09-இலிருந்து கழித்தால் கிரீன்விச் நேரம் 06:23, இந்திய நேரம் 11:53. பத்து நிமிடம் முன்பே செக்ஸ்டன்டோடு நில்லுங்கள். சூரியன் ஏறிக்கொண்டே வந்து, சற்று நேரம் அசையாமல் நின்று, இறங்கத் தொடங்கும். நின்ற எண்ணை எடுங்கள்.

செக்ஸ்டன்ட் 56°25.3'
இன்டெக்ஸ் எரர் −1.5' → 56°23.8'
டிப் −7.0' → 56°16.8'
மொத்தத் திருத்தம் +15.7' → 56°32.5'
90°யிலிருந்து கழித்தால் ஜெனித் டிஸ்டன்ஸ் (உச்சியிலிருந்து சூரியனுக்கு உள்ள தூரம்) 33°27.5'

சூரியன் தெற்கே தெரிந்தது. ஜெனித் டிஸ்டன்ஸுக்கு எதிர்ப் பெயர், வடக்கு. டெக்ளினேஷன் இப்போது தெற்கு 21°10.0'. பெயர் ஒன்றானால் கூட்டு, வேறானால் கழித்துப் பெரியதன் பெயரை வை:

33°27.5' − 21°10.0' = வடக்கு 12°17.5'

படி 8: காலைக் கோட்டை நண்பகலுக்கு நகர்த்துதல்

காலை 08:35-இலிருந்து 11:53 வரை 3 மணி 18 நிமிடம். 14 நாட் வேகத்தில் 46 மைல், 097° திசையில். தெற்கே 5.6 மைல், கிழக்கே 45.7 மைல். கிழக்கு மைலைத் தீர்க்கரேகையாக்க காஸ் அட்சரேகையால் வகுக்க வேண்டும்: 46.8'. நண்பகல் டி.ஆர். வடக்கு 12°20.4', கிழக்கு 86°29.8'. காலைக் கோட்டையும் அப்படியே, திசை மாறாமல், 46 மைல் தள்ளிவைக்கிறோம்.

உண்மை அட்சரேகை 12°17.5'. டி.ஆர்.-ஐவிட 2.9 மைல் தெற்கு. இப்போது தள்ளிவைத்த கோட்டின் மேல் இந்த அட்சரேகை எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். பிளாட்டிங் ஷீட்டில் வரையலாம். கணக்காகவும் செய்யலாம்:

கிழக்கு விலகல் = (இன்டர்செப்ட் − வடக்கு விலகல் × காஸ் அசிமத்) ÷ சைன் அசிமத்

வடக்கு விலகல் −2.9, காஸ் 123.9° = −0.558, சைன் 123.9° = 0.830. இரண்டு கழித்தலும் பெருகி 1.6 ஆகும். 3.1 − 1.6 = 1.5, அதை 0.830-ஆல் வகுத்தால் 1.8 மைல் கிழக்கு. தீர்க்கரேகையில் இதுவும் 1.8'. ஆக நண்பகல் இடம்:

வடக்கு 12°17.5', கிழக்கு 86°31.6'

டி.ஆர்.-இலிருந்து சுமார் மூன்றரை மைல் தென்கிழக்கே. இதில் 46 மைல் ஓட்டம் சரி என்ற நம்பிக்கையும் சேர்ந்திருக்கிறது. நீரோட்டம் ஒரு நாட் இருந்தால் மூன்றே கால் மணி நேரத்தில் மூன்று மைலுக்கு மேல் தள்ளிவிடும். கோட்டுக்குக் குறுக்கே தள்ளிய பங்கு அப்படியே தீர்க்கரேகையில் ஏறும்.

தப்பு எங்கே? அளவைப் பாருங்கள்

இன்டர்செப்ட் 3 மைல் வந்தால் மகிழ்ச்சி. 40 வந்தால்? கணக்கை மேலிருந்து மறுபடி போடாதீர்கள். அதே கண் அதே தப்பைத் தாண்டிப் போய்விடும். எண்ணின் அளவு எதை ஒத்திருக்கிறது என்று பாருங்கள்.

எதிர்பார்த்ததைவிட 3 மைல் வேறுபட்டால், இன்டெக்ஸ் எரரைக் குறி மாற்றிப் போட்டிருக்கலாம், 1.5-இன் இரு மடங்கு. 7 மைல் என்றால் டிப்பை மறந்திருக்கிறீர்கள். 14 என்றால் கழிப்பதற்குப் பதில் கூட்டியிருக்கிறீர்கள். 32-33 என்றால் மேல் விளிம்பைப் பார்த்துவிட்டுக் கீழ் விளிம்புத் திருத்தம் போட்டிருக்கிறீர்கள். சூரியனின் முழு விட்டம் அது. சரியாக 60 என்றால் செக்ஸ்டன்டில் ஒரு டிகிரியைத் தப்பாகப் படித்தது. மைக்ரோமீட்டர் 58', 59' பக்கம் நிற்கும்போது இது சகஜம்.

நேரத்தில் ஒரு நிமிடம் தவறினால் எவ்வளவு? 15 × காஸ் அட்சரேகை × சைன் அசிமத். நம் காலைப் பார்வைக்கு 12.2 மைல். சூரியன் கிழக்கிலோ மேற்கிலோ இருந்தால் இது அதிகம்; நண்பகலில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. அதனால் நண்பகல் அட்சரேகை சரியாக வந்து, காலைத் தீர்க்கரேகை மட்டும் விலகி நின்றால் கடிகாரத்தின் மேல் சந்தேகப்படுங்கள். எண்கள் நூற்றுக்கணக்கில் போனால் பெரும்பாலும் டெக்ளினேஷனின் குறி, அல்லது ஜி.எச்.ஏ.-வில் ஒரு மணி நேர வரி மாறிப்போனது. ஒரு மணி என்றால் 15°, நம் அட்சரேகையில் 880 மைல்.

நட்சத்திரம் வேண்டுமென்றால்

சூரியனை வைத்து ஓர் இடம் பிடிக்க மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்தி நேரத்தில் மூன்று நட்சத்திரங்களைச் சில நிமிடங்களுக்குள் பார்த்தால் ஓட்டக் கணக்கே அநேகமாகத் தேவையில்லை. தொடுவானமும் தெரிய வேண்டும், நட்சத்திரமும் தெரிய வேண்டும்; வெப்ப மண்டலத்தில் அந்த நேரம் சீக்கிரம் முடிந்துவிடும்.

கணக்கில் மாறுவது கொஞ்சம்தான். நட்சத்திரங்களுக்குத் தனித்தனியே ஜி.எச்.ஏ. அச்சிட இடமில்லாததால், ஏரீஸ் என்ற ஒரே புள்ளிக்கு ஜி.எச்.ஏ. கொடுத்து, ஒவ்வொரு நட்சத்திரமும் அதிலிருந்து எவ்வளவு மேற்கே என்று எஸ்.எச்.ஏ. கொடுத்திருப்பார்கள். இரண்டையும் கூட்டுங்கள், 360° தாண்டினால் கழியுங்கள். அரை விட்டமும் பாரலாக்ஸும் கிடையாது. ஒளிவளைவு மட்டும் கழித்தல். அதற்குப் பிறகு அதே சூத்திரம், அதே ஏ.பி.சி.

அல்மனாக்கின் அன்றாடப் பக்கத்தில் 57 நட்சத்திரங்கள் இருக்கும். ஆங்கிலப் பெயர்களைக் கண்டு மிரள வேண்டாம். ஆல்டிபரான் ரோகிணி, பீட்டல்ஜூஸ் திருவாதிரை, ரெகுலஸ் மகம், ஸ்பைகா சித்திரை, ஆர்க்ட்யூரஸ் சுவாதி, அன்டாரிஸ் கேட்டை, கனோபஸ் அகத்திய நட்சத்திரம். பஞ்சாங்கம் பார்க்கும் வீட்டில் வளர்ந்தவருக்குப் பாதி அறிமுகம் ஏற்கெனவே ஆகிவிட்டது. மூன்றையும் ஒன்றுக்கொன்று 120° வாக்கில் பரவலாகத் தேர்ந்தெடுங்கள். டிப்பிலோ இன்டெக்ஸ் எரரிலோ இருக்கும் பொதுவான தப்பு மூன்று பக்கமும் சமமாக இழுத்து முக்கோணத்தின் நடுவில் அடங்கிவிடும்.

கரையில் பழக

கப்பல் ஏறும்வரை காத்திருக்க வேண்டாம். பார்க்கும் பொருளுக்கு நேர் கீழே கடல் தொடுவானம் தெரிந்தால் போதும். சென்னைக் கடற்கரையிலிருந்து காலைச் சூரியனைப் பார்க்கலாம், நண்பகல் சூரியனுக்கு அது உதவாது. கடல் கிழக்கே இருக்கிறது. கன்னியாகுமரியில் தெற்கே திறந்த கடல் என்பதால் செப்டம்பர் முதல் மார்ச் வரை மெர் ஆல்டிட்யூட், அதாவது நண்பகல் உயரம், அருமையாக எடுக்கலாம். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை சூரியன் அங்கே உச்சிக்கு வடக்கே போய்விடும். கரையில் கண் உயரம் 2 மீட்டர் என்றால் டிப் 2.5'.

கடல் இல்லாத ஊரில் ஒரு தட்டில் கறுப்பு எண்ணெய் ஊற்றிக் காற்றுப் படாமல் தரையில் வையுங்கள். வானத்துச் சூரியனையும் எண்ணெயில் தெரியும் சூரியனையும் செக்ஸ்டன்டில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்துங்கள். இரண்டு பக்கத்துக்கும் நிறக் கண்ணாடி போட மறக்காதீர்கள், கண் போய்விடும். வந்த கோணம் உயரத்தின் இரு மடங்கு. முதலில் இன்டெக்ஸ் எரரைக் கழித்துவிட்டுப் பிறகு பாதியாக்குங்கள். டிப் கிடையாது. மையத்தோடு மையம் பொருத்துவதால் அரை விட்டமும் கிடையாது, ஒளிவளைவும் பாரலாக்ஸும் மட்டும். செக்ஸ்டன்ட் சுமார் 120° வரைதான் அளக்கும் என்பதால் 60°க்கு மேல் ஏறிய சூரியனுக்கு இந்த வழி ஒத்துவராது. சென்னையில் ஜனவரி நடுவில் நண்பகல் உயரம் சுமார் 56°, தட்டில் 112° வாக்கில் வரும், நன்றாகவே எடுக்கலாம். பிப்ரவரி வந்துவிட்டால் நண்பகலை விட்டுவிட்டுக் காலை ஒன்பது மணிச் சூரியனுக்குப் போய்விடுங்கள்.